சனிக்கிழமைப் பாயிண்ட்

அந்தப் பெட்டிக்கு என்னைவிட நேர்மை அதிகம். இதை நான் பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்லியிருக்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டும் சொல்லியிருக்கிறேன்.

டோட்டல் ஸ்டேஷன் என்று அதற்குப் பேர். மூன்று காலில் நிற்கும், நடுவில் ஒரு கண். தூரத்தில் ஒருவர் கம்பியில் மாட்டிப் பிடித்திருக்கும் ப்ரிசம் கண்ணாடியைப் பார்த்து, அது எந்தக் கோணத்தில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, தன் வயிற்றுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். எங்கள் கான்ட்ராக்டர் பெங்களூரில் யாரோ கழித்துக்கட்டியதை வாங்கி வந்திருந்தார். என் கைக்கு வரும்போதே கிழடு. பட்டன்களில் பாதி எழுத்து தேய்ந்துபோய், பழகின விரலுக்கு மட்டும்தான் எது எங்கே என்று தெரியும். வெயில் ஏறினால் திரை கறுத்துவிடும். என் துப்பட்டாவைத் தலையோடு அதன்மேல் போர்த்திக்கொண்டு படிப்பேன். ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். பெண்பிள்ளை மூன்று கால் பெட்டியோடு ஒரே துணிக்குள் நிற்பதை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன், சில நாள் கல்லையும் எடுத்திருக்கிறேன்.

திருப்பதியில் சிவில் டிப்ளமா முடித்த கையோடு கிடைத்த வேலை அது. ரோடெல்லாம் நாலு வழிச் சாலை ஆகப் போகிறது என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. ஊரில் படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள், படிக்காதவர்கள் குவைத்துக்குப் போனார்கள். போனவர்களெல்லாம் திரும்பி வருவதற்கு நல்ல ரோடு போடுகிறார்கள் என்று நான் கிண்டல் பண்ணுவேன். கிண்டலுக்குக் காரணம் இருந்தது. போனவர்களில் என் அம்மாவும் ஒருத்தி.

குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. ரெண்டு வருஷ ஒப்பந்தம் என்று போனாள். முடிந்ததும் இன்னொரு ரெண்டு வருஷம் என்றாள். அதுவும் முடியப் போகிற நேரம் அது. எங்கள் ஊர் குடிபாலாவுக்குப் பக்கம், எல்லைக்கு இந்தத் தெலுங்குப் புறம். என் தாத்தா காலம்வரை எங்களுக்கு ஒரு சாண் மண் கிடையாது, அடுத்தவர் கரும்பை வெட்டித்தான் சாப்பாடு. அப்புறம் ரோட்டோரமாக அரசாங்கம் கொடுத்த துண்டு நிலம் ஒன்று வந்தது. கல்லும் வேலிக்காத்தான் முள்ளும்தான். அம்மா அனுப்பிய காசில் அப்பா, எங்களுக்கு நைனா, அதில் போர் போட்டார். முதல் போரில் புழுதி வந்தது. அடுத்ததிலும் புழுதிதான். மூன்றாவது இடத்தில் தண்ணீர் அடித்தபோது, நைனா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இருந்தால் பசும்புல் போடலாம், ரெண்டு ஜெர்சி மாடு கட்டலாம், பால் ஊற்றிக் குடும்பம் நடத்தலாம். "அந்தப் போரு நெலச்சு நிக்கட்டும், நான் வந்துடறேன்" என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். போர் நிலைத்தால் அம்மா வருவாள், இல்லையென்றால் இன்னும் ரெண்டு வருஷம். எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

எங்கள் சர்வே பார்ட்டி சின்னது. பார்ட்டி சீஃப் திருப்பதிக்காரர், கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். காலையில் நெற்றியில் திருமண் காய்வதற்குள் ஜீப்பில் ஏறிவிடுவார். அவரை நாங்கள் சார் என்போம். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது, சந்தேகம் மட்டும் உண்டு. ப்ரிசம் கம்பி பிடிப்பவர் எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், நைனாவுக்குக் கூட்டாளி. எனக்கு முறையில்லாவிட்டாலும் மாமா. வெயில், முள், பாம்பு எதற்கும் அசராமல் சொன்ன இடத்தில் கம்பியை ஊன்றி நிற்பார். அவருக்கு இரண்டே பயம். ஒன்று அவர் பெண்டாட்டி, இன்னொன்று சாமி.

வேலை முறை சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பெட்டியை நிறுத்திக் குமிழை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நிற்கிற இடம் எது, திரும்பிப் பார்க்கிற இடம் எது, ப்ரிசம் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்றெல்லாம் அதற்குச் சொல்ல வேண்டும். அப்புறம் கண்ணை வைத்து, ப்ரிசத்தின் நடுவில் குறுக்குக் கோடு உட்கார்ந்ததும் பட்டனை அழுத்தினால் 'கீக்' என்று ஒரு சத்தம். பாயிண்ட் உள்ளே போய்விட்டது. நம்பர் தானாக ஏறும். அது மரமா, கம்பமா, எல்லைக் கல்லா என்று நாலு இங்கிலீஷ் எழுத்து மட்டும் நாம் தட்ட வேண்டும். உள்ளே போன கோணத்தையும் தூரத்தையும் யாரும் திருத்த முடியாது. பேரை மாற்றலாம், மொத்தமாக அழிக்கலாம், அவ்வளவுதான். இதைத்தான் நேர்மை என்றேன்.

ஆனால் மெமரி சின்னது. ஒவ்வொரு நாள் வேலையையும் தனித்தனி ஜாப்பாகப் போட்டு வைப்பேன். சில நாளில் நிரம்பிவிடும். திருப்பதி ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கேபிளைச் சொருகிக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, பெட்டியைக் காலி பண்ணி எடுத்து வர வேண்டும். அந்தக் கேபிள் லூஸ். இறங்கி முடிகிறவரை நான் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, யாரும் பக்கத்தில் நடக்கக்கூடாது என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் ஊருக்குச் சர்வே வந்தது ஒரு சனிக்கிழமை. அந்தப் பக்கம் ஏரிக்கரை இருப்பதால் புதிதாக நிலம் எடுப்பதில்லை, பழைய ரோட்டு நிலத்தின் எல்லைக் கல் வரைக்கும் மட்டும் அகலப்படுத்துவது என்று மேலே முடிவு பண்ணியிருந்தார்கள். அதனால் கல்தான் எல்லாம். கல்லுக்கு ரோட்டுப் பக்கம் இருப்பது அரசாங்கத்தினுடையது, மறுபக்கம் இருப்பது நிலத்துக்காரருடையது. எங்கள் நிலத்தின் முன்னால் இருந்த கல்லை எனக்குக் குழந்தையிலிருந்து தெரியும், ஏனென்றால் அது வெறும் கல் இல்லை. எப்போதோ ஒரு லாரி அதன் பக்கத்தில் கவிழ்ந்து, டிரைவர் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்தானாம். அன்றிலிருந்து அது கங்கம்மா. மஞ்சள், குங்குமம், சுற்றிச் சிவப்புத் துணி. கிழக்கே பார்த்த சாமி என்பதால் கிழக்குப் பக்கம், அதாவது எங்கள் நிலத்துப் பக்கம், ஒரு சிமெண்டு மேடையும் போட்டிருந்தார்கள். எங்கள் போர் அந்த மேடையை ஒட்டி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பாயிண்டாக அந்தக் கல்லை எடுத்தோம். வெளிச்சம் போய்விட்டதால் மூட்டை கட்டினோம். மறுநாள் ஞாயிறு வேலையை விட்ட இடத்தில் தொடங்க வேண்டும். முந்தைய நாள் கடைசியாக எடுத்ததையே மறுநாள் முதலில் ஒருமுறை எடுத்துச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். ஞாயிறன்று பெட்டியைத் தெற்கே தள்ளி நிறுத்தியிருந்தேன். நடுவில் வேலிக்காத்தான் புதர், அதற்கு மேலே ப்ரிசம் மட்டும்தான் மினுக்கியது. முதலில் கல்லைப் பெட்டியில் ஏற்றினேன், பிறகு வரிசையாக மரம், கம்பம், பாலம். வேலை நடப்பதைப் பார்க்க நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நம்ம போரையும் ஏத்திக்கோ பாப்பா" என்றார். அவருக்கு அது ரேஷன் கார்டில் பேர் ஏற்றுகிற மாதிரி.

மாமா கம்பியைப் போர் பைப்பின் பக்கத்தில் ஊன்றினார். 'கீக்'. BORE என்று நாலு எழுத்து தட்டினேன். அந்த நாலு எழுத்து தட்டும்போது எனக்கு இருந்த பெருமை, டிப்ளமா வாங்கும்போதுகூட இல்லை. என் அம்மாவின் தண்ணீர் அரசாங்க வரைபடத்தில் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை திருப்பதி ஆபீசில் கேபிளைப் பிடித்து இறக்கிக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கக் கீழே போனேன். திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் படத்தைப் போட்டு முடித்திருந்தான். ரோடு, ரெண்டு பக்கமும் எல்லைக் கோடு, மரங்கள், கம்பங்கள். எங்கள் ஊர் வந்ததும் குனிந்து பார்த்தேன். BORE என்ற எழுத்து கோட்டுக்கு ரோட்டுப் பக்கம் இருந்தது. மறுபடி பார்த்தேன். கோடு எங்கள் நிலத்தின் முன்னால் ஒரு முழங்கையை மடக்கின மாதிரி நிலத்துக்குள் புகுந்து, போரைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"இதி ஆக்ரமண கதா மேடம்?" என்றான் ஆபரேட்டர். ஆக்கிரமிப்பு அல்லவா இது, என்று கேட்கிறான். அவன் கெட்டவன் இல்லை, கோட்டைப் பார்த்துச் சொன்னான். ஆக்கிரமிப்பு என்று எழுதிவிட்டால் நஷ்ட ஈடும் இல்லை, பேச்சும் இல்லை. ஜேசிபி வரும், பைப்பைப் பிடுங்கும், மண்ணைத் தள்ளும். தாத்தா காலத்தில் ஒரு சாண் மண் இல்லாதவர்கள், இப்போது ரோட்டையே வளைத்துப் போட்டவர்கள் என்று பேர் வாங்கப் போகிறோம். போர் போனால் அம்மா வரமாட்டாள். இதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை.

"சார், இது தப்பு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது உங்க நிலமோன்னோ?"

"ஆமாம் சார்."

"பாயிண்ட் எடுத்தது யாரு?"

"நான்தான்."

"நீயே எடுத்துட்டு நீயே தப்புன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? ஜனங்கள் கல்லை நகர்த்தறது புதுசா என்ன? யாரோ நகர்த்தியிருப்பா." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"கல்ல நவுத்தறவன் ரோட்டுப் பக்கம்தானே சார் தள்ளுவான்? எவனாவது தன் நெலத்துக்குள்ள தானே இழுத்து வெச்சுக்குவானா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் யோசிக்கிறார் என்பதற்கு அது அடையாளம். நானும் யோசித்தேன். இந்தக் கல்லை இரண்டு முறை எடுத்தோமே, சனிக்கிழமைப் பாயிண்ட் எங்கே? ஆபரேட்டரைக் கேட்டேன். ஒரே கல் இரண்டு முறை வந்ததால், பிந்தியதுதான் சரியாக இருக்கும் என்று முந்தையதைத் தூக்கிவிட்டானாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அவன் வேலை. அவனுக்கு அன்று மலைக்கு வந்த சொந்தக்காரர்களை ரயிலேற்றும் அவசரம்.

"பெட்டியில இருக்கும்" என்றேன்.

"நாளைக்குக் காளஹஸ்தி வேலைக்கு மெமரி காலியா வேணும்னு காலையிலேயே சொன்னேனே, அழிச்சாச்சோ இல்லையோ?" என்றார் சார்.

அழிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்து அழிக்கலாம் என்று போயிருந்தேன். அந்த டீக்கடைக்காரருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள். பெட்டியை மேஜைமேல் தூக்கி வைத்து, பாட்டரியைப் போட்டு, சனிக்கிழமை ஜாப்பைத் திறந்தேன். தேய்ந்துபோன பட்டனைத் தட்டித் தட்டிக் கடைசிப் பாயிண்டுக்குப் போனேன். அங்கேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜாப்பில் இருந்த அதே கல்லோடு வைத்துப் பார்த்தேன். ஒரே கல், ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைப் பாயிண்ட் ரோட்டுப் பக்கம், ஞாயிற்றுக்கிழமைப் பாயிண்ட் எங்கள் நிலத்துக்குள். அதோடு உயரமும் ஒத்துப்போகவில்லை. சனிக்கிழமை எடுத்தது ஒரு முழங்கால் உயரம் மேலே இருந்தது.

கங்கம்மா கல் முழங்கால் உயரம். சனிக்கிழமை கம்பி கல்லின் மேல் நின்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ தரையில் நின்றிருக்கிறது.

"ரெண்டுல ஒண்ணுதான் நிஜம்" என்றார் சார். "எதுன்னு மெஷின் சொல்லாது. கம்பி பிடிச்சவன்தான் சொல்லணும். நீ ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கக் கூடாது. நான் கேக்கறேன்."

மாமா கீழே ஜீப்பின் நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சார் மாடிப்படியிலேயே நின்று கூப்பிட்டார். மாமா பீடியைப் பின்னால் ஒளித்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை அந்தக் கல்லில் கம்பியை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.

"கல்லு மேலதான் சார். செருப்பக் கழட்டிட்டு, தொட்டுக் கும்புட்டுட்டு வெச்சேன்."

"ஞாயித்துக்கிழமை?"

மாமா என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "நாயித்துக்கெழம கருவாடு சார்."

"என்னது?"

"ஊட்ல கருவாட்டுக் கொழம்பு. துன்னுட்டுதான் வந்தேன். துன்னுட்டு எப்டி சார் அம்மா மேல கம்பிய வெக்கறது? சனிக்கெழம பெருமாளுக்கு விரதம், சுத்தபத்தமா இருந்தேன், வெச்சேன். நாயித்துக்கெழம மேடைக்கு வெளிய, மொகத்துக்கு நேரா நின்னேன். தள்ளி நின்னாலும் சாமி சாமிதானே?"

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. "கங்கம்மாவே கோழி துன்றவ மாமா! ஜாத்திரையில நீதானே வெட்டன? அவளுக்கு இல்லாத தீட்டு கருவாட்டுல உனுக்கு இன்னா?" என்று கத்தினேன்.

"அவ துன்னலாம் பாப்பா. அவ சாமி. நான் துன்னுட்டுக் கிட்டப் போவக் கூடாது." எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று பரிதாபப்படுகிற முகம். "கொஞ்சூண்டு தள்ளி நின்னா இன்னா? நீதான் கண்ணு வெச்சுப் பாத்துக்கினு இருந்தியே. உன் பெட்டிதான் எல்லாத்தையும் பாக்குதே, கல்லு எங்கக்கீதுன்னு அதுக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்தப் பெட்டிக்குக் கல் தெரியாது, சாமி தெரியாது, கருவாடு தெரியாது. ப்ரிசம் எங்கே நிற்கிறதோ அதுதான் அதற்குக் கல். இவ்வளவு நாள் கூடவே வேலை செய்த மனிதருக்கு இதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. எங்கள் போர் அரசாங்க நிலத்துக்குள் போனது ஒரு துண்டு நெத்திலிக் கருவாட்டால்.

சார் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன், சொல்லப்போனால் ஆசைப்பட்டேன். "இவன்மேல எப்படிம்மா கோபப்படறது?" என்றார். "குளிக்காம நான் மடப்பள்ளிப் பக்கம் போவேனோ? அதையேதானே இவன் பண்ணியிருக்கான்." அப்புறம் குரலை மாற்றினார். "ஆனா இதை வச்சுண்டு கோட்டை மாத்த முடியாது. கருவாடுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியுமோ? திரும்ப எடுக்கணும். உன் நிலம், அதனால நீ பெட்டியைத் தொடக் கூடாது. நான் பாக்கறேன்."

காளஹஸ்தியை ஒருநாள் தள்ளிப்போட்டு, மறுநாள் காலையிலேயே எங்கள் ஊருக்கு வந்தோம். வழியெல்லாம் ஜீப்பில் எனக்கு அதே யோசனை. ஒருவேளை சனிக்கிழமைப் பாயிண்டும் தப்பாக இருந்தால்? ஒருவேளை நைனாவே தெரியாமல் கல்லைத் தாண்டிப் போட்டிருந்தால்? ஒரு கட்டத்தில், எந்தப் பக்கம் வந்தாலும் தெரிந்தால் போதும் என்றுகூட நினைத்தேன். பொய். எங்கள் பக்கம் வர வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மாமா ஜீப்பிலிருந்து இறங்கியதும் நைனாவிடம் போனார். "மோட்டாரப் போடு" என்றார். அவர் வீட்டில் முந்தைய நாள் என்ன குழம்பு என்று யாரும் கேட்கவில்லை. போர் பைப்பின் அடியில் உட்கார்ந்து தலையோடு குளித்தார். தண்ணீர் அவர் முதுகில் தடதடவென்று விழுந்தது. என் அம்மா எந்தத் தண்ணீருக்காகத் தன் நாலு வருஷத்தைக் கொடுத்தாளோ அதே தண்ணீர். ஈர வேட்டியோடு போய்க் கல்லுக்குக் கற்பூரம் காட்டினார். சாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அப்புறம் மாமா மேடையேறி, கம்பியின் கூர்முனையைக் கல்லின் தலையில் மெதுவாக, குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி வைத்தார்.

நான் பெட்டியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சார் குமிழைச் சரிபார்த்தார், திரும்பவும் சரிபார்த்தார், அவர் வழக்கப்படி மூன்றாவதாகவும் பார்த்தார். 'கீக்' என்றது. திரையில் வந்ததைப் படிக்க அவருக்குத் துப்பட்டா இல்லை, அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டார். அந்தத் துணிக்குள்ளேயே சனிக்கிழமைக் கணக்கோடு ஒப்பிட்டார்.

"சனிக்கிழமைதான் சரி" என்றார். "ரெண்டும் ஒத்துப்போறது."

நைனாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது. என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் போய் மோட்டாரை நிறுத்தினார், தண்ணீர் வீணாகிறது என்று. நான் மாமாவைத் திட்ட வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. "அழுவாத பாப்பா, இனிமே நாயித்துக்கெழம வேலைக்கி வந்தா கருவாடு துன்ன மாட்டேன்" என்றார். ஈர வேட்டியோடு, முழு நம்பிக்கையோடு சொன்னார். அதைக் காப்பாற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்லுக்காவது மஞ்சள் பூசியிருந்தால், கம்பியை ஊன்றுவதற்கு முன்னால் அங்கிருந்தே கையாட்டி, "துன்னேன்" என்றோ "துன்னல" என்றோ கத்துவார். துன்ன நாளில் எங்களில் வேறொருவர் கம்பியைப் பிடிப்பார். எங்கள் பார்ட்டியில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. வேறு கம்பெனிக்காரர்கள் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு லீவு நாள். குடிபாலா எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்திருந்தோம், அவளே கூப்பிட்டாள். கோடு உள்ளே போனதை அவளிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. இப்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கருவாடு வந்த இடத்தில் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப போரு?" என்றாள்.

"நம்முதும்மா. ரோட்டுக்காரங்களே எழுதிக்கினு போயிட்டாங்க. கல்லுக்கு நம்ம பக்கம்."

லைன் போய்விட்டதோ என்று ரிசீவரைத் தட்டினேன். "அந்த ஊட்டம்மா இன்னும் ரெண்டு வருசம் இருன்னு சொல்லிக்கினு இருக்குது" என்றாள் மெதுவாக. "நான் இல்லன்னு சொல்லிடறேன். டிக்கெட் போடச் சொல்றேன்."

நைனா ரிசீவரை வாங்கினார். வாங்கி, இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

ஒப்பந்தம் முடிந்து அவள் வருவதற்குச் சில மாதம் ஆயிற்று. அந்த நேரத்துக்குச் சரியாக, எல்லையில் கம்பம் நட இடம் குறிப்பதற்காக எங்கள் பார்ட்டி திரும்பவும் எங்கள் ஊர் ரோட்டுக்கே வந்திருந்தது. நைனா மட்டும் சென்னை ஏர்போர்ட்டுக்குப் போனார். எனக்கு லீவு வேண்டுமா என்று சார் கேட்டார். வேண்டாம் என்றேன். எப்படியும் அந்த வழியாகத்தான் பஸ் வரும், நானும் அங்கேதான் நிற்கப் போகிறேன்.

வேலூர்ப் பக்கமிருந்து வந்த பஸ் ஏரிக்கரையோரம் நின்றது. நான் தூரத்தில் பெட்டியில் கண் வைத்திருந்தேன். குறுக்குக் கோட்டின் நடுவில் என் அம்மா இறங்கினாள். இளைத்திருந்தாள். காலில் ஷூ போட்டிருந்தாள், அதற்குமுன் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. சூட்கேசையும் மூட்டையையும் நைனாவிடம் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினாள். கங்கம்மா கல்லின் முன்னால் நின்று ஷூவைக் கழற்றிக் கும்பிட்டாள். அப்புறம் மேடையைச் சுற்றிக்கொண்டு போய், போர் பைப்பைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்த கையை எடுக்கவே இல்லை.

ஓடிப் போயிருக்க வேண்டும். கை பழக்கத்தில் பட்டனை அழுத்தியது. ஒன்றும் வரவில்லை. ப்ரிசம் இல்லாமல் அந்தக் கிழட்டுப் பெட்டி யாரையும் அளக்காது. மாமா அதைத் தூரத்திலிருந்தே புரிந்துகொண்டாரோ, இல்லை அம்மாவிடம் வணக்கம் சொல்லத்தான் போனாரோ, தெரியாது. கம்பியும் கையுமாகப் போய் அவள் பக்கத்தில் நின்றார். நிற்கிற பழக்கத்தில் கம்பியைத் தரையில் ஊன்றி, நேராகப் பிடித்தார். ப்ரிசத்தைக் குறுக்குக் கோட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி அழுத்தினேன். 'கீக்' என்றது. நான் நாலு எழுத்து தட்டிவிட்டு அப்புறம்தான் ஓடினேன்.

அடுத்த வாரம் திருப்பதியில் கேபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. சார் பின்னால் வந்து நின்றார்.

"BORE பக்கத்துல இது என்னம்மா, AMMA? கல்லை எழுதினியோ?"

"இல்ல சார். எங்க அம்மா."

திட்டு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"கோட்டுக்கு எந்தப் பக்கம்?"

"எங்க பக்கம் சார்."

நான் சொன்னதை நம்பாமல் அவரே விரல் வைத்துப் பார்த்தார். கோடு, கல், போர், அம்மா.

"அப்போ இருக்கட்டும்" என்றார்.